பந்தய மண்டபத்தில் பெங்குவின் பறவைகள்!

சைக்கிள் ஓட்டக் கட்டிய அரங்கங்களின் விசித்திரக் கதை

கனடா நாட்டில் மாண்ட்ரீல் என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. அங்கே ஒரு வினோதமான மண்டபம் உண்டு. வெளியே இருந்து பார்த்தால், சைக்கிள் வீரர்கள் தலையில் மாட்டிக்கொள்ளும் தொப்பியைப் பெரிதாகச் செய்து கவிழ்த்து வைத்தது போல இருக்கும்.

உள்ளே நுழைந்தால் அடர்ந்த காடு! வியர்த்துக் கொட்டும். மரக்கிளையில் குட்டிக் குரங்குகள் தாவும். சற்றுத் தூரம் நடந்து அடுத்த பகுதிக்குப் போனால், அங்கே பல் கிட்டும் குளிர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பாறை மீது பெங்குவின் பறவைகள் வரிசையாக நிற்கும். கறுப்புக் கோட்டு போட்ட வக்கீல்கள் கோர்ட்டு வாசலில் நிற்பது போல இருக்கும்.

வெளியே பனி கொட்டும் நாளில் கூட, பெற்றோர் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போகிறார்கள்.

ஆனால், அந்த மண்டபம் பறவைகளுக்காகவோ குரங்குகளுக்காகவோ கட்டப்பட்டது அல்ல. சைக்கிள் பந்தயம் நடத்துவதற்காகக் கட்டியது!

சைக்கிள் ஓடிய இடத்தில் பெங்குவின் எப்படிக் குடியேறியது? அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் சைக்கிள் அரங்கம் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும்.

மரணக் கிணறு

திருவிழாப் பொருட்காட்சியில் "மரணக் கிணறு" பார்த்திருப்பீர்கள். மரப்பலகையால் கிணறு போலக் கட்டி, அதன் சுவரில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வருவார். வேகம் இருக்கும் வரை விழமாட்டார்.

சைக்கிள் அரங்கத்திலும் கிட்டத்தட்ட அதே வித்தைதான். "வெலோட்ரோம்" என்பது அதன் பெயர். ஒரு பெரிய கிண்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கம் நேர்ப் பாதை. இரண்டு பக்கம் வளைவு. வளைவில் பாதை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். இந்தக் காலத்து ஒலிம்பிக் அரங்கங்களில் அந்தச் சாய்வு 42 டிகிரி வரை இருக்கிறது. நம் வீட்டு மாடிப்படியை விட அதிகச் செங்குத்து. அதன் மேல் ஒருவர் சும்மா நடந்து ஏறுவதே கஷ்டம்.

அதில் மணிக்கு 70 கிலோ மீட்டருக்கும் அதிக வேகத்தில் சைக்கிள் விடுகிறார்கள்!

பாதை சமதரையாக இருந்தால், அந்த வேகத்தில் வளைவில் திரும்ப முடியாது. சக்கரம் வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். சாய்வு இருப்பதால், வேகம் வீரரைப் பலகையோடு சேர்த்து அழுத்துகிறது. வேகம் குறைந்தாலோ, சக்கரம் வழுக்கிக் கீழே வரவேண்டியதுதான்.

இன்னொரு சங்கதி. இந்தப் பந்தய சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது! கியர் ஒன்றே ஒன்று. சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். காலை எடுத்து ஓய்வு கொடுக்க முடியாது.

கட்டையில் ஆணி

நல்ல பாதையை மரத்தால்தான் போடுகிறார்கள். மெல்லிய நீளச் சட்டங்களை ஒன்றை ஒட்டி ஒன்றாக அடுக்கி, ஆணி அடிக்கிறார்கள். சைபீரியாப் பகுதிப் பைன் மரம் இதற்குப் பேர்போனது. குளிர் நாட்டில் மெதுவாக வளர்ந்த மரம். அதனால் இழை நெருக்கமாகவும் நேராகவும் இருக்கும்.

லண்டனில் 2012-ம் ஆண்டு ஒலிம்பிக்குக்காகக் கட்டிய அரங்கத்துக்கு எவ்வளவு மரம் பிடித்தது தெரியுமா? அந்தச் சட்டங்களை எல்லாம் ஒரே வரிசையாக நீட்டி வைத்தால் 56 கிலோ மீட்டர் வரும். சென்னை எழும்பூரில் இருந்து கிட்டத்தட்ட செங்கல்பட்டு வரை! ஆணிகள் 3 லட்சத்துக்கும் மேல். தச்சர்கள் 26 பேர் 8 வாரம் வேலை செய்தார்கள். ஓட்டும்போது உறுத்தக் கூடாது, டயரில் குத்தக் கூடாது. ஆகவே ஒவ்வொரு ஆணியின் தலையும் மரத்துக்குள் போக வேண்டும்.

இத்தனையும் 250 மீட்டர் சுற்றுப் பாதைக்குத்தான்.

மரப்பாதையில் ஓர் ஆபத்தும் உண்டு. கீழே விழுந்தால் சிராய் ஏறும். நம் ஊரில் விரலில் சிராய் ஏறினாலே துடித்துப்போகிறோம். 2011-ம் ஆண்டில் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து அரங்கத்தில் மலேசியா வீரர் அசிசுல்ஹாஸ்னி அவாங் பந்தயம் ஓட்டினார். கடைசிச் சுற்றில் பெரும் மோதல். அவர் விழுந்தார். எழுந்து, சைக்கிளில் ஏறி, எல்லைக் கோட்டைக் கடந்து, மூன்றாவதாகவும் வந்துவிட்டார். பிறகுதான் காலைப் பார்த்தார்கள். சுமார் 20 சென்டி மீட்டர் நீளமுள்ள மரச்சிராய், கெண்டைச் சதையில் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் நீட்டிக்கொண்டு இருந்தது! ஆபரேஷன் செய்து எடுத்தார்கள்.

அந்த மனிதர் அதோடு சைக்கிளை விட்டுவிடவில்லை. 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம். 2017-ல் உலகச் சாம்பியன். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம்.

கர்ப்பிணி மேயர்

மாண்ட்ரீல் நகரத்துக்குத் திரும்புவோம். அங்கே 1976-ம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டு விழா நடந்தது. அப்போது மேயராக இருந்தவர் ஜான் டிராப்போ. எதையும் பெரிதாகச் செய்ய ஆசைப்பட்டவர். பிரான்சு நாட்டில் இருந்து ரோஜே தாயிபேர் என்ற கட்டிட நிபுணரை வரவழைத்தார். பெரிய மைதானம், சாய்ந்த கோபுரம், அதன் காலடியில் சைக்கிள் அரங்கம் என்று தாயிபேர் படம் போட்டுக் கொடுத்தார். சைக்கிள் அரங்கத்தின் உள்ளே மறைக்கும் தூண் ஒன்று கூட இல்லை. கூரை முழுவதும் கான்கிரீட். அதில் நீளம் நீளமாக ஜன்னல்கள். வெயில் அப்படியே உள்ளே இறங்கும்.

அழகுக்குக் குறைவில்லை. பணம்தான் தண்ணீராகப் போனது.

விழாவுக்கு மொத்தம் 31 கோடி டாலர் ஆகும் என்று முதலில் கணக்குச் சொன்னார்கள். ஒலிம்பிக்கில் நஷ்டம் வரவே வராது, ஓர் ஆண் பிள்ளை பெறுவது எப்படி நடக்காதோ அப்படித்தான் இதுவும் என்று மேயர் அடித்துப் பேசினார். செலவு 100 கோடி டாலரையும் தாண்டியது. ஒரு பத்திரிகையில் கேலிப் படம் போட்டார்கள். படத்தில் மேயர் பெரிய வயிற்றோடு, மசக்கைக்காரி போல நின்றார்!

ஊர் சிரித்தது. ஆனால் கடனைக் கட்டியதும் அந்த ஊர் மக்கள்தான். சிகரெட்டு, புகையிலைக்குத் தனி வரி போட்டார்கள். பந்தயம் நடந்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு 30 வயது ஆகும்போது, அதாவது 2006-ம் ஆண்டில்தான், அந்தக் கடன் தீர்ந்தது.

அரங்கத்தின் கதி என்ன? 1976-ல் அங்கே சைக்கிள் பந்தயங்கள் நான்கு நடந்தன. ஜூடோ மல்யுத்தமும் அங்கேதான் நடந்தது. விழா முடிந்தது. வீரர்கள் ஊருக்குப் போனார்கள். அதன் பிறகு, ஆயிரக்கணக்கான பேர் உட்காரும் மண்டபத்தில் சுற்றி வருவதற்கு ஆள் இல்லை. சைக்கிள் பந்தயம் பார்க்கும் பழக்கம் அந்த ஊரில் அவ்வளவாகக் கிடையாது. கட்டும்போதே இதை யோசித்திருக்கலாம். யோசித்தவர்கள் பேச்சு அப்போது அம்பலம் ஏறவில்லை.

சைக்கிள் கிண்ணத்தில் இதுதான் தொல்லை. கால்பந்து மைதானத்தில் பொதுக்கூட்டம் போடலாம், கச்சேரி வைக்கலாம். சாய்ந்து நிற்கும் மரப்பலகையில் வேறு எதைச் செய்வது? சைக்கிள் விடலாம், இல்லாவிட்டால் பூட்டி வைக்கலாம்.

மாண்ட்ரீலில் பூட்டத்தான் செய்தார்கள். அப்போது எதிர்ப்பக்கத்தில் இருந்த தாவரவியல் தோட்டத்தின் தலைவர் பியேர் பூர்க் ஒரு யோசனை சொன்னார். வெயில் இறங்கும் கூரை இருக்கிறது. நடுவில் தூணே இல்லை. இதற்குள் காட்டையே வளர்க்கலாமே என்றார். மரப்பாதையைப் பெயர்த்தார்கள். மண் கொட்டினார்கள். தண்ணீர் கட்டினார்கள். 1992-ம் ஆண்டு ஜூன் மாதம் "பயோடோம்" என்ற பெயரோடு கதவு திறந்தது. வெப்பக் காடு, கனடா நாட்டு மரக்காடு, செயின்ட் லாரன்ஸ் வளைகுடா, துருவப் பக்கத்துக் கடற்கரை எல்லாம் ஒரே கூரையின் கீழ்!

யோசனை சொன்ன பூர்க் பிற்பாடு அதே நகரத்துக்கு மேயராகவும் ஆனார்.

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. 1996-ம் ஆண்டு ஒலிம்பிக் அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் நடந்தது. அங்கே சைக்கிளுக்குத் தற்காலிகமாக ஒரு பாதை போட்டார்கள். விழா முடிந்ததும் அதைக் கழற்றி விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் யார்? மாண்ட்ரீல் இருக்கும் அதே கியூபெக் மாகாணத்து புரோமோன்ட் ஊர்க்காரர்கள்! கோடி கோடியாய்க் கொட்டிக் கட்டிய சொந்த அரங்கத்தைப் பறவைகளுக்குக் கொடுத்துவிட்டு, பழைய பாதையை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்து மாட்டினார்கள். அதில் பையன்கள் பயிற்சி எடுத்தார்கள்.

அசையாத பந்தயம்

ஜப்பான்காரர்கள் 1964-ல் இன்னும் எளிதாக முடித்துவிட்டார்கள். டோக்கியோ பக்கத்தில் ஹாச்சியோஜி என்ற ஊரில் ஓர் அரங்கம் போட்டார்கள். விழா முடிந்ததும் பிரித்துவிட்டார்கள்.

அந்தக் கொஞ்ச நாளிலும் அங்கே ஓர் அதிசயம் நடந்தது. வேகப் பந்தயத்தில் இருவர்தான் மோதுவார்கள். முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். பின்னால் வருகிறவன் அவன் நிழலில் களைப்பு இல்லாமல் வந்து, கடைசியில் முந்திவிடுவான். ஆகையால் முதலில் யாரும் முன்னே போகமாட்டார்கள். இத்தாலி வீரர் பெட்டனெல்லாவும் பிரான்சு வீரர் திரெந்தானும் "நீ போ, நீ போ" என்பது போல, பெடலில் கால் வைத்தபடி, காலைக் கீழே ஊன்றாமல் அசையாமல் நின்றார்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அல்ல. கிட்டத்தட்ட 22 நிமிடம்! பெட்டனெல்லா அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார்.

வெடி வைத்தார்கள்

இத்தாலிக்காரர்களுக்குச் சைக்கிள் என்றால் உயிர். ஆகவே அவர்கள் ஊர் அரங்கம் நிலைத்து நின்றிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

1960-ம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்குக்காக 400 மீட்டர் சுற்றளவில் அழகான திறந்தவெளி அரங்கம் கட்டினார்கள். அதற்கு ஆப்பிரிக்கா மரத்தில் பாதை போட்டார்கள். இத்தாலி வீரர்கள் அங்கே நடந்த நான்கு பந்தயத்திலும் தங்கம் அடித்தார்கள். சான்டே கையார்டோனி என்ற இளைஞர் மட்டும் இரண்டு தங்கம் வாங்கினார். ஊரே கொண்டாடியது.

ஆனால் அடியில் இருந்த மண் சரியில்லை. கட்டிடம் உட்கார ஆரம்பித்தது. பழுது பார்க்காமல் விட்டார்கள். பிறகு பூட்டினார்கள். புல்லும் செடியும் முளைத்தன. 2008-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி வெடி வைத்தார்கள். கையார்டோனி தங்கம் வாங்கிய அரங்கம் சில நொடியில் தூசி ஆனது. அந்த இடத்தில் நீர் விளையாட்டுப் பூங்கா வரும் என்றார்கள். பல ஆண்டு கழிந்தும் பூங்கா எழவில்லை.

பிரேசில் நாட்டில் ரியோ நகரத்து அரங்கத்துக்கு வேறு விதமான சோதனை. 2016 ஒலிம்பிக்குக்காகக் கட்டினார்கள். மறு ஆண்டே, யாரோ ஆகாயத்தில் விட்ட நெருப்புப் பலூன் கூரையில் விழுந்து தீப்பிடித்தது. சில மாதத்தில் மறுபடியும் ஒரு பலூன், மறுபடியும் தீ!

இருட்டில் ஓடிய சைக்கிள்

லண்டன் நகரத்துக் கதை வேறு. அங்கே ஹெர்ன் ஹில் என்ற இடத்தில் 1891-ல் திறந்த பழைய அரங்கம் ஒன்று இருக்கிறது. 1948-ம் ஆண்டு ஒலிம்பிக்குக்கு அதையே பயன்படுத்தினார்கள். யுத்தம் முடிந்து மூன்றே ஆண்டு ஆகியிருந்தது. துணிக்கு ரேஷன் இருந்த காலம். புது அரங்கம் கட்டப் பணம் ஏது?

அங்கே விளக்கு வசதி கூட இல்லை. இருவர் சேர்ந்து ஓட்டும் சைக்கிளின் இறுதிப் பந்தயம் இழுத்துக்கொண்டே போய், பொழுது சாய்ந்துவிட்டது. அரை இருட்டில் ஓட்டினார்கள். யார் முந்துகிறார்கள் என்று பார்ப்பதே கூட்டத்துக்குக் கஷ்டமாக இருந்தது. இத்தாலிக்குத் தங்கம், பிரிட்டனுக்கு வெள்ளி.

அந்தக் கிழட்டு அரங்கத்தை யாரும் வெடி வைத்துத் தகர்க்கவில்லை. நிலக் குத்தகைத் தகராறு வந்து மூடும் நிலைமை ஏற்பட்டபோது, ஊர்க்காரர்கள் சங்கம் சேர்ந்து மல்லுக்கு நின்று காப்பாற்றினார்கள். 2011-ல் பாதையைப் புதுப்பித்தார்கள். அதற்கு வெகு நாள் முன்னே, 12 வயதுப் பையன் ஒருவன் அங்கேதான் முதன் முதலில் பந்தய சைக்கிள் மிதித்தான். அவன் பெயர் பிராட்லி விக்கின்ஸ். 2012-ல் பிரான்சு தேசத்தைச் சுற்றும் மாபெரும் பந்தயத்தில் முதல் பரிசு வாங்கியவர் அவர்தான். அதே ஆண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம்.

குப்பை மேட்டில் மண்டபம்

2012 ஒலிம்பிக்குக்குப் புது அரங்கம் கட்டியபோது லண்டன்காரர்கள் கொஞ்சம் உஷாராகவே இருந்தார்கள். பழைய குப்பை மேடு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். கூரையைக் கனமான கான்கிரீட்டில் போடவில்லை. டென்னிஸ் மட்டையில் நரம்பு பின்னுவது போல இரும்புக் கம்பி வடத்தைப் பின்னி, அதன் மேல் கூரையைப் பரப்பினார்கள். இருபுறமும் தூக்கி, நடுவில் தொய்ந்து இருக்கும். பார்த்தவர்கள் உருளைக்கிழங்கு வறுவல் துண்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள்! எந்த மாதிரி வேண்டும் என்று பந்தய வீரர் கிறிஸ் ஹாயையும் கலந்துகொண்டார்கள்.

உள்ளே காற்றைச் சூடாக வைத்தார்கள். சூடான காற்று மெலிந்து இருக்கும். சைக்கிள் அதைச் சுலபமாகக் கிழித்துக்கொண்டு போகும். 2012-ல் அந்தப் பாதையில் நடந்த 10 பந்தயத்தில் 7 தங்கம் பிரிட்டனுக்கே போயிற்று. ஹாய் தம் ஆறாவது ஒலிம்பிக் தங்கத்தை அங்கே வாங்கினார்.

இதற்கும் ஒரு விலை கொடுத்தவர்கள் உண்டு. அந்த இடத்தில் 1975 முதல் ஈஸ்ட்வே என்ற சாதாரண சைக்கிள் பாதை இருந்தது. வார நாட்களில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு நேரத்தில் வந்து ஓட்டுகிறவர்களின் இடம் அது. ஒலிம்பிக் வருகிறது என்று அவர்களை வெளியேறச் சொன்னார்கள். அவர்கள் சத்தம் போட்டார்கள், கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள். ஒலிம்பிக் முடிந்த பிறகு, அரங்கத்தைச் சுற்றி 1.6 கிலோ மீட்டர் சாலைப் பாதையும், காட்டுப் பாதையும் போட்டார்கள். 2014-ம் ஆண்டு எல்லாருக்கும் கதவு திறந்தது. கட்டணம் செலுத்தினால் வாடகைச் சைக்கிள் தருகிறார்கள். சொல்லிக் கொடுக்க ஆள் தருகிறார்கள். சாம்பியன்கள் ஓட்டிய அதே பலகையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒரு மணி நேரம் சுற்றலாம்.

ஹெர்ன் ஹில் பையன் விக்கின்ஸ், 2015-ல் இந்தப் புது அரங்கத்துக்கு வந்தார். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று சோதித்தார். 54.526 கிலோ மீட்டர்! அன்றைக்கு அது உலக சாதனை.

டில்லியில்

நம் நாட்டிலும் இப்படி ஓர் அரங்கம் உண்டு. 2010-ம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுக்காக டில்லியில் இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் கட்டினார்கள். கூரை போட்ட மண்டபம். 250 மீட்டர் மரப்பாதை. இந்த அரங்கமும் தூசி படிந்து போகுமோ என்று பலரும் பயந்தார்கள்.

அங்கே பிற்பாடு வீரர்களைத் தங்க வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். வந்தவர்களில் ஒருவர் டெபோரா ஹெரால்டு. நிக்கோபார் தீவைச் சேர்ந்தவர். 2004-ம் ஆண்டு டிசம்பரில் சுனாமி வந்தபோது அவர் சிறுமி. மரத்தில் தொற்றிக்கொண்டு, பல நாள் அங்கேயே கிடந்து உயிர் பிழைத்தவர். அவர் டில்லிப் பலகையில் பழகி, இந்தியாவின் வேகமான சைக்கிள் வீராங்கனையாக வந்தார்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இருந்து எசோ ஆல்பன் வந்தார். மணிப்பூரில் இருந்து ரொனால்டோ சிங்கும் ரோஜித் சிங்கும் வந்தார்கள். 2019-ம் ஆண்டு ஜெர்மனியில் பிராங்பர்ட் ஆன் தி ஓடர் நகரத்தில் நடந்த இளைஞர் உலகப் போட்டியில், இந்தியாவின் வேகப் பந்தயக் குழு தங்கப் பதக்கம் வாங்கியது. 2022-ல் ஆசியச் சாம்பியன் போட்டி டில்லி அரங்கத்திலேயே நடந்தது. சொந்தப் பாதையில் ஓட்டிய ரொனால்டோ சிங், வேகப் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.